தலைவலிக்குப் படிவம் பதினேழு

எங்கள் தொழிற்சாலையில் தலைவலிக்கு ஒரு படிவம் இருந்தது. எண் பதினேழு, மூன்று பிரதிகள். தலைவலி வருவதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே அதை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்படி ஒரு படிவம் வந்ததற்கு நான்தான் காரணம் என்று அங்கே இன்னமும் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும். ஆனால் அந்தப் பேச்சில் என் தாயாரின் பெயரும் அடிபடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

என் பெயர் லிங்கப்பன். சொந்த ஊர் ஹனூர் தாலுக்கா கௌதள்ளி. மைசூரில் அக்ரஹாரத்தில் குடியிருக்கிறேன். ஹெப்பாளில் தண்ணீர்க் குழாய்க்கான வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினைந்து வருடம் இறுதிப் பரிசோதகர். நான் சரி என்று சொன்ன வால்வு பெட்டிக்குள் போகும். நான் தள்ளிய வால்வை முதலாளியே வந்து கேட்டாலும் பெட்டிக்குள் போக விட்டதில்லை.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முதலில் பார்வையின் இடது ஓரத்தில் ஒரு வெளிச்சம் வரும். ரம்பத்தின் பல் போல வளைந்து மினுங்கி மெல்லப் பெரிதாகும். அரை மணி நேரத்தில் அது போய்விடும். போன இடத்தில் வலி வந்து உட்காரும். நெற்றிப்பொட்டில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல இருக்கும். வாந்தி வரும். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் என் மண்டைக்குள் விழும். மறுநாள் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பேன்.

முப்பது வருடம் அதோடு குடித்தனம் நடத்தியதில் அதன் குணம் எனக்கு அத்துப்படி. சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளினால் வரும். ஞாயிற்றுக்கிழமைதானே என்று கூடத் தூங்கினால் வரும். வெல்டிங் வெளிச்சம், ஊதுபத்திக் கம்பெனிக் காற்று, கம்பெனி பஸ்ஸில் வெயில் அடிக்கும் ஜன்னல் மூன்றும் ஆகாது. டாக்டர் சொன்னபடி, வந்த நாட்களை நாட்காட்டித் தாளில் குறித்து வைத்தேன். தினமும் படுக்கப் போகும் முன் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். மாதம் நாலு முறை வந்தது இரண்டாகக் குறைந்தது. மிச்சம் இரண்டுக்கு அவர் சொன்ன வழி ஒன்றுதான். ரம்பம் தெரிந்த உடனே வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இருட்டில், சத்தம் இல்லாமல் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். பத்துக்கு ஏழு தடவை வலி வராமலே போய்விடும். படுக்காவிட்டால் இரண்டு நாள் வீண்.

அந்த அரை மணி நேர இருட்டுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் நான் அந்தத் தொழிற்சாலையிடம் கேட்டதில்லை.

வேலை நேரத்தில் படுப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. அதனால் பல வருடம் யாருக்கும் தெரியாமல், சரக்கறையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் சாக்கு விரித்துப் படுத்தேன். படுத்த நேரத்தை மாலையில் நின்று ஈடு செய்துவிடுவேன். சரக்கறைப் பொறுப்பாளர் பசவராஜ் கன்னடக்காரர். என்னோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். "போங்க லிங்கண்ணா, படுங்க. யாராவது வந்தா நான் இருமறேன்" என்பார். பத்து வருடத்தில் அவருக்கு இருமுகிற வேலையே வந்ததில்லை.

தொண்ணூற்று ஐந்தில் ஹெப்பாள் முழுவதும் தரச் சான்றிதழ் காய்ச்சல் பரவியது. சான்றிதழ் இல்லாதவனிடம் வெளிநாட்டுக்காரன் வால்வு வாங்க மாட்டான் என்றார்கள். செய்வதையெல்லாம் எழுது, எழுதியபடி செய் என்பதுதான் அதன் சாரம். அதை நடத்துவதற்குச் சுரேந்தர் என்று ஒரு இளம் அதிகாரி வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது. அவர் வந்த ஒரு மாதத்தில் தரை முழுவதும் மஞ்சள் கோடுகள் போடப்பட்டன. துடைப்பத்துக்கு எண் கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரம் சோதிக்கப்படாத கருவி என்பதால் அதன் அடியில் "பார்வைக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டினார்கள். அன்றிலிருந்து கடிகாரத்தின் கீழே நின்றுகொண்டு எல்லோரும் அடுத்தவரிடம் மணி கேட்டார்கள். கேன்டீனில் இருந்த பிள்ளையார் படத்துக்கு "வெளியிலிருந்து பெறப்பட்ட ஆவணம்" என்ற முத்திரை கிடைத்தது. வால்வைப் பற்றி அந்த வருடம் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை நான் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்திருந்தபோது பசவராஜ் இருமினார். பழக்கம் இல்லாததால் தாமதமாக இருமினார். கண்ணைத் திறந்தால் சுரேந்தர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், இங்க என்ன பண்றீங்க?"

"தலைவலிங்க. அரை மணி நேரத்துல எந்திரிச்சுக்கறனுங்க."

"அது பரவால்ல சார். ஆனா நீங்க எந்த ஏரியால இருக்கீங்க பாருங்க. இது ஏத்துக்கிட்ட சரக்கு ஏரியா. உங்ககிட்ட டேக் இல்லையே."

"நான் சரக்கு இல்லீங்களே."

"கோட்டுக்குள்ள இருந்தா சரக்குதான் சார். ரூல் அப்படி."

பச்சைச் சீட்டு என்றால் ஏற்றது, சிவப்பு என்றால் தள்ளியது, மஞ்சள் என்றால் முடிவாகாதது. சுரேந்தர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் சட்டைப் பொத்தானில் மஞ்சள் சீட்டைக் கட்டினார். பதினைந்து வருடம் அந்தச் சீட்டை நான்தான் வால்வுகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். வலியில் அதை மறந்து அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி பாப்பாத்தி கதவைத் திறந்ததும் பார்த்தாள். "ஏனுங்க, சட்டையில என்னமோ தொங்குது? லாண்டிரிக்காரன் சீட்டா?"

"இல்ல. கம்பெனில கட்டினது."

"என்ன எழுதியிருக்குது?"

"முடிவு நிலுவையில்."

அவள் ஈரத்துணியை எடுத்து வந்தாள்.

மறுநாள் சுரேந்தர் என்னைக் கூப்பிட்டு, ஒளிந்து படுக்க வேண்டாம், முறைப்படி ஏற்பாடு செய்துவிடலாம் என்றார். நானும் நம்பினேன். ஒளிந்து படுப்பதைவிட முறைப்படி படுப்பது கௌரவம்தானே.

"முதல்ல அளக்கணும் சார். அளக்க முடியலன்னா எழுத முடியாது. எழுத முடியலன்னா அது நம்ம கம்பெனில இல்லன்னு அர்த்தம்."

"தலைவலிய எப்படிங்க அளக்கறது?"

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் நம்பர் போடலாம். ஆனா ஒரு மாஸ்டர் வேணும். நம்ம கேஜுக்கெல்லாம் மாஸ்டர் பீஸ் இருக்குல்ல, அதோட ஒப்பிட்டுத்தானே பாக்கறோம்? அந்த மாதிரி. நீங்கதான் சீனியர்."

மார்ச் பதினாலாம் தேதி எனக்கு வந்த தலைவலி மாஸ்டராக ஏற்கப்பட்டது. அதன் அளவு எட்டு. ஒரு வருடத்துக்குச் செல்லும். அடுத்த மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு தலை வலிக்கிறவர்கள் எல்லோரும் என் மேஜைக்கு வந்து ஒப்பிட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பசவராஜ் ஒரு நாள் காலையில் வந்தார்.

"லிங்கண்ணா, நேத்து என் ஹெண்டத்தி, வீட்டுக்காரி, ரெண்டு மணி நேரம் திட்டினா. உங்க எட்டுக்கு அது எவ்ளோ வரும்?"

"அது வேற சரக்குங்க. இதுல சேராது."

"ஸ்வல்ப பாத்து ஒரு அஞ்சாவது போடுங்க அண்ணா. பாவம் நானு."

அளவு ஆன பிறகுதான் படிவம் வந்தது. மூன்று நாட்களுக்கு முன்பே கொடுப்பது முடியாத காரியம் என்று சுரேந்தரிடம் சொன்னேன். முன்கூட்டியே திட்டமிடுவதுதான் தடுப்பு நடவடிக்கை என்று அவர் விளக்கினார். விதியை மீறுவதும் எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு படிவம் கொடுக்க ஆரம்பித்தேன். தினமும் கொடுத்தால், எந்த நாளும் ஏதோ ஒரு படிவத்திலிருந்து மூன்றாம் நாளாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு. ஆனால் சொன்ன தேதியில் தலைவலி வராவிட்டால் படிவம் பதினெட்டு கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் "வராததற்கான காரணம்" என்று ஒரு கட்டம். ஆகத் தினமும் இரண்டு படிவம், ஆறு பிரதி. அலுவலகக் குழல்விளக்கின் கீழே உட்கார்ந்து எழுதி எழுதி, மாதம் இரண்டாக இருந்த தலைவலி மறுபடியும் நாலானது. சுரேந்தருக்குச் சந்தோஷம். கணிப்பு துல்லியமாகி வருகிறது என்றார்.

இதற்கிடையில் அறை கட்டி முடிந்தது. சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் புது அறை, வெள்ளைச் சுவர், வாசலில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் "தலைவலி நிவாரண அறை" என்று பலகை. ஒரு கூட்டம் முடிந்த கையோடு, சாப்பிடக்கூட விடாமல், பொது மேலாளர் மல்லப்பன் ரிப்பன் வெட்டினார். சாம்பிராணி, இரண்டு கட்டு ஊதுபத்தி, சிதறு தேங்காய். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"தொழிலாளியின் தலையைப் பற்றி இதுவரை எந்த நிர்வாகமாவது கவலைப்பட்டதுண்டா? நாங்கள் கவலைப்பட்டிருக்கிறோம். அதற்குப் பதினாறு பக்க ஆதாரம் வைத்திருக்கிறோம். இந்த அறையில் யாருமே படுக்க வேண்டிய அவசியம் வரக்கூடாது என்பது என் ஆசை. தணிக்கை நடக்கும் அன்று மட்டும் ஒருவராவது படுத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முன்னதாகவே முடிவு செய்துவிடுங்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டல் ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. ஊதுபத்திப் புகைக்கு நடுவே ரம்பம் வர ஆரம்பித்திருந்தது. அதிர்ஷ்டவசமாக அன்றைய தேதிக்குப் படிவம் கொடுத்திருந்தேன். அறையின் முதல் நோயாளியாக உள்ளே போனேன்.

உள்ளே நாலு குழல்விளக்குகள் எரிந்தன. சுவரில் எட்டுப் பக்க நடைமுறை ஒட்டியிருந்தது. அதைப் படித்து, "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் படுக்கலாம். ரம்பம் மறைத்த இடம் போக மிச்சத்தைப் படித்தேன். படுத்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு எழுத்தர் கதவைத் தட்டி, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது.

"சுரேந்தர், அந்த லைட்ட மட்டும் அணைக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"அணைச்சா நடைமுறை கண்ணுக்குத் தெரியாது சார். ஆடிட்டர் முதல்ல அதத்தான் பாப்பாரு."

"கண்ணு தெரியாம இருக்கத்தானுங்க நான் இங்க வந்ததே."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், ஒரு வழி இருக்கு. மூல காரணம் என்னன்னு கண்டுபிடிச்சு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, திருத்த நடவடிக்கைன்னு சொல்லி லைட்ட எடுத்துடலாம். நாலையும் எடுத்துடறேன். பிராமிஸ்."

மூல காரணத்தைக் கண்டுபிடிக்க "ஏன்" என்று ஐந்து முறை கேட்க வேண்டும். அது ஜப்பானிய முறையாம். அடுத்த நாள் கேட்டார். நானும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதுதான் நான் செய்த தவறு.

"நேத்து ஏன் தலைவலி வந்துச்சு?"

"மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போச்சுங்க."

"ஏன் தள்ளிப் போச்சு?"

"நீங்க வெச்ச தலைவலித் தடுப்புக் கூட்டம் ரெண்டரை மணி வரைக்கும் நடந்துதுங்க."

சுரேந்தர் பேனாவை நிறுத்தினார். "அது பேடா, வேணாம் சார். மூல காரணம் நம்ம கூட்டத்துக்குள்ள இருக்கக் கூடாது. வேற பக்கமா போகலாம். கூட்டத்துல இருந்த மத்தவங்களுக்கு ஏன் வரல?"

"என் உடம்பு வாகு அப்படிங்க."

"ஏன் அப்படி?"

"பொறவியிலயே அப்படித்தானுங்க."

"பொறவியிலயே ஏன்?"

"எங்கம்மாவுக்கும் இருந்துதுங்க. டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

"சூப்பர் சார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. அவங்களுக்கு ஏன் இருந்துச்சு?"

"அதெப்படிங்க எனக்குத் தெரியும்? அவங்க செத்துப் பதினாறு வருசமாச்சு."

சுரேந்தர் கட்டத்தில் "சம்பந்தப்பட்டவர் பதில் அளிக்கக் கிடைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டார். அம்மாவின் பெயரும் ஊரும் கேட்டார், சொன்னேன்.

திங்கட்கிழமை அந்தத் தாள் கேன்டீன் அறிவிப்புப் பலகையில், பிள்ளையாருக்குக் கீழே, கண்ணாடிக்குள் இருந்தது. மூல காரணங்களில் ஆள், இயந்திரம், சப்ளையர் என்று மூன்று வகைதான் உண்டு. வெளியிலிருந்து குறையோடு வந்தது எதுவானாலும் அது சப்ளையர் கணக்கு. தாளில் இப்படி இருந்தது: "வகை: சப்ளையர் குறைபாடு. சப்ளையர் பெயர்: மாதம்மா, கௌதள்ளி. தற்போதைய நிலை: இயங்கவில்லை. தடுப்பு நடவடிக்கை: இனி இந்தச் சப்ளையரிடமிருந்து பெறுவதில்லை."

அறுநூறு பேர் சாப்பிடும் இடம் அது.

என் தாயார் அந்த வலியை யாரிடமும் சொன்னதில்லை. நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பதினோரு பேருக்குக் களி கிண்டிப் போட்டவர். அவரை எங்கள் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எண்ணி நாலு பேர். நான் கண்ணாடியைத் திறந்து தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சுரேந்தர் ஓடி வந்தார்.

"சார், சார், அது கட்டுப்பாட்டில் உள்ள பிரதி! எடுக்கக் கூடாது!"

"எடுத்தாச்சுங்க."

"இதுல தப்பு எதுவும் இல்லையே சார்? நீங்க சொன்னதுதானே? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே லைட்டக் கழட்டிடுவேன்."

"எங்கம்மா பேர எழுதறதுக்கு உங்க காயிதம் பத்தாதுங்க."

அன்றிலிருந்து என் கோப்பு முடிக்கப்படாத கோப்பு. முடிக்கப்படாத கோப்பு உள்ளவர் அறைக்குள் போக முடியாது. சரக்கறையில் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த இடம் ஏற்கெனவே மஞ்சள் கோட்டுக்குள் இருந்தது. அடுத்த ஐந்து மாதம் நின்ற இடத்திலேயே நின்று எல்லா வலியையும் வாங்கினேன். ஒன்பது நாள் விடுப்பு எடுத்தேன். அதற்கு முந்தைய ஒன்பது வருடத்திலும் அவ்வளவு எடுத்திருக்க மாட்டேன். பாப்பாத்தி ஒரு நாள் துணியை நனைத்துக்கொண்டே சொன்னாள். "போட்டுத்தான் குடுங்களேன் அந்தக் கையெழுத்த. அத்த இருந்திருந்தா அவங்களே போடச் சொல்லியிருப்பாங்க."

"அவங்க சொல்லியிருப்பாங்க. அதுக்காக நான் போட முடியுமா?"

தணிக்கை நாள் வந்தது. பெங்களூரிலிருந்து காளிதாஸ் என்ற தணிக்கையாளர் வந்தார். கழுத்துப்பட்டை, கையில் தடிமனான கோப்பு. காலை முழுவதும் மல்லப்பனும் சுரேந்தரும் அவரை ஒவ்வொரு மஞ்சள் கோடாக நடத்திக் கூட்டிப் போனார்கள். பிற்பகல் இரண்டு மணி வரை அவருக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை. வெல்டிங் பகுதியைத் தாண்டி என் மேஜைக்கு வந்தபோது அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார். கண்ணில் தூசி விழுந்தவன் தேய்ப்பான். வெளிச்சம் எந்தக் கண்ணில் இருக்கிறது என்று தேடுகிறவர்கள்தான் இப்படி ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பார்கள்.

"சார், ரம்பமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "கோட்டைச் சுவர் மாதிரி" என்றார். "இப்பத்தான் ஆரம்பிச்சுது. இங்க எங்கயாவது இருட்டா ஒரு இடம் கிடைக்குமா?"

சுரேந்தரின் முகம் மலர்ந்தது. உடனே வெளுத்தும் போனது. அறை இருக்கிறது. ஆனால் தணிக்கையாளர் மூன்று நாட்களுக்கு முன்பு படிவம் கொடுக்கவில்லை. படிவம் இல்லாதவரை உள்ளே விட்டால், அதுவும் தணிக்கையாளர் கண் முன்னாலேயே விட்டால், விதிமீறல்.

"நீங்க ரூம் குடுத்தா நான் அத எழுத வேண்டி வரும்" என்றார் காளிதாஸ், கண்ணை மூடிக்கொண்டே.

"அதனாலதான் சார் யோசிக்கறோம்" என்றார் சுரேந்தர்.

பின்சுவர் ஓரமாக ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. தள்ளிய வால்வுகளை அதில்தான் பூட்டி வைப்போம். மேலேயும் பக்கங்களிலும் கறுப்புத் தார்ப்பாய். உள்ளே நல்ல இருட்டு. சாவி என்னிடம்தான் இருந்தது. இத்தனை மாதமும் நான் அங்கே போய்ப் படுக்கவில்லை. என் கையால் தள்ளியவற்றுக்கு நடுவில் நானே போய்ப் படுக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் ஊருக்கு வந்த மனிதரை அந்த நிலையில் நிறுத்தி வைக்க முடியாது. அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கூண்டுக்குள் வால்வுகளை ஒதுக்கிச் சாக்கு விரித்தேன். மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன்.

"நீங்க எப்பவும் போடறதுதானான்னு பாத்துக்கங்க."

அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இதேதான்." போட்டுக்கொண்டு படுத்தார். எனக்கும் காலையிலிருந்து சாப்பாடு இல்லை. எழுந்து போகத் தெம்பில்லாமல் இன்னொரு சாக்கில் நானும் சாய்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து குரல் வந்தது. "உங்களுக்கு அம்மா வழியா, அப்பா வழியா?"

"அம்மாங்க."

"எனக்கு அப்பா. உங்க கோப்பு கையெழுத்தில்லாம கிடக்கறத காலையில பாத்தேன். எங்க ஆபீஸ்லயும் அஞ்சு ஏன் கேட்டாங்க. அப்பா பேர எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பேசாம நீங்களும் போட்டுடுங்க. அவங்களுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்."

"போட்டதும் ரூம் குடுத்தாங்களாங்க?"

"குடுத்தாங்க."

"இருட்டா இருக்குமுங்களா?"

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இல்ல" என்றார்.

நாற்பது நிமிடம் கழித்து எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு என் இரண்டு கையையும் பிடித்து, இவ்வளவு சீக்கிரம் தனக்கு விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது என்றார். பிறகு கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

மாலைக் கூட்டத்தில் அதைப் படித்தார்கள். முதல் குறை: நிராகரிக்கப்பட்ட சரக்குப் பகுதியில் அடையாளச் சீட்டு இல்லாத இரண்டு நபர்கள் காணப்பட்டனர். இரண்டாவது குறை: தலைவலிக் கோப்பு எண் ஒன்று, மூல காரணம் கையெழுத்தாகாமல் ஐந்து மாதமாக நிலுவையில் உள்ளது; முப்பது நாளுக்குள் முடிக்காவிட்டால் சான்றிதழ் பரிந்துரைக்கப்படாது.

மறுநாள் கூண்டின் தார்ப்பாயைக் கழற்றி உள்ளே விளக்குப் போட்டார்கள். அறுநூறு பேரும் என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் நிழல் பக்கத்து இருக்கையை எனக்காக விட்டுக்கொடுத்தவர்கள்கூட இப்போது எழுந்திருக்கவில்லை. பசவராஜ் மட்டும் வந்து, "ஏன் மாடோது, என்ன பண்றது லிங்கண்ணா, அவங்களுக்கு ஒரு பேர் பேக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை உண்மைதான். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். இருபத்தெட்டாம் நாள் சுரேந்தரின் மேஜைக்குப் போய்ப் புதுத் தாள் கேட்டேன். அதில் எழுதினேன்: "வகை: ஆள். மூல காரணம்: லிங்கப்பன். சப்ளையர்: எவரும் இல்லை." கையெழுத்தும் போட்டேன்.

சுரேந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், ரொம்ப பெரிய மனசு சார்."

"லைட்டக் கழட்டிருவீங்களா?"

"இன்னிக்கே சார்" என்றார். அவர் சொன்னதை அவர் நம்பித்தான் சொன்னார்.

மூல காரணம் கிடைத்துவிட்டால் அதை நீக்க வேண்டும். அதுதான் திருத்த நடவடிக்கை. விளக்கு மூல காரணம் அல்ல. மாலை நாலு மணிக்கு மல்லப்பன் என்னை அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்தார். "இருபத்தேழு வருடத்தில் நம் நிறுவனத்தில் யாரும் இவ்வளவு நேர்மையாகத் தன் மீதே குறை எழுதியதில்லை. இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது நமக்குப் பெருமை. இப்படி ஒருவர் இருந்தார் என்று தணிக்கையாளருக்கு எழுதினால் இன்னும் பெருமை." ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போதே எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். கோப்பில் "மூல காரணம் நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்று எழுதி மூடினார்கள். அடுத்த மாதமே சான்றிதழ் வந்ததாகப் பேப்பரில் பார்த்தேன். மல்லப்பன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னை யாரும் வெளியே தள்ளவில்லை. என் தாயாரின் பெயர் அந்தக் கோப்பில் இல்லை. இரண்டையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு காலைப் பொழுது, பதினொரு மணி. ரம்பம் வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்ட அறையில் படுத்திருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பாப்பாத்தி கதவை ஒருக்களித்துத் திறந்து, பின்னால் சாத்திக்கொண்டு வெளியே போனாள். குரல்கள் கேட்டன.

"அம்மா, நான் சுரேந்தர். கம்பெனில இருந்து வரேன். சார் இருக்காரா?"

"மெல்லப் பேசுங்க தம்பி. என்ன சோலி?"

"ஒண்ணும் இல்லம்மா. கோப்ப மூடி மூணு மாசம் ஆச்சுன்னா, நடவடிக்கை பலிச்சுதான்னு ஒரு தடவ சரிபாக்கணும். ரெண்டே கேள்விதான். கம்பெனில சாருக்குத் தலைவலி திரும்ப வந்துதா?"

"கம்பெனிக்கே போகலையே, அங்க எப்படி வரும்?"

"வரல. சரி." காகிதம் புரளும் சத்தம். "இன்னொண்ணு. தலைவலியோட தற்போதைய இருப்பிடம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதறதுன்னுதான் தெரியல."

பாப்பாத்தி கதவை இன்னும் இறுக்கிச் சாத்தும் சத்தம்.

"உள்ள படுத்துட்டு இருக்குது" என்றாள். "இப்பத்தான் கண்ணசந்துது. சத்தம் போடாம போயிட்டு வாங்க தம்பி."

ஸ்கூட்டரை அங்கேயே உதைப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உதைக்கவில்லை. டயர் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. தெருமுனை வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே போனார். அங்கே போய்த்தான் உதைத்தார். என் அறைக்கு அது லேசாகத்தான் வந்தது.